பாட்டனார் பெயர் எந்தப் பதிவேட்டில்?

நான்கு தலைமுறைக்கு முன் தம் குடும்பத்தில் யார் இருந்தார், எந்த ஊரில் குடியிருந்தார், என்ன தொழில் செய்து ஜீவித்தார் என்று கேட்டால், விடை சொல்லக்கூடியவர் நம்மிடையே மிகச் சிலரே ஆவர். சிராத்தத்தில் மூன்று தலைமுறையின் பெயர்களைச் சொல்லிப் பிண்டம் வைக்கும் வழக்கமுள்ள குடும்பங்களிலும், அந்த மூன்றாவது பெயருக்கு உரியவர் கடன்பட்டு இறந்தாரா, நிலபுலன்களோடு வாழ்ந்தாரா என்பது தெரியாது. அத்தகைய சடங்கு இல்லாத குடும்பங்களிலோ பாட்டனாரின் பெயரோடு சரித்திரம் முடிந்துவிடுகிறது. அரசர்களின் வம்சாவளியைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நாம், நமக்கு உடலும் பெயரும் தந்தவர்களைப் பற்றி அறிய முயலாமலிருப்பதற்கு அசிரத்தை ஒரு காரணம். சாதாரணக் குடிமக்களுடைய பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை என்று நம்பிவிட்டது அதைவிடப் பெரிய காரணம். பெயர்கள் எழுதப்பட்டுத்தான் இருக்கின்றன. எவருடைய பெயர் எந்த நோக்கத்துக்காக எழுதப்பட்டது, எவருடைய பெயர் என்ன காரணத்தால் விடுபட்டது என்பதைத்தான் நாம் இன்னும் கவனித்துப் பார்க்கவில்லை.

மேல்நாட்டார் தம் குடும்ப வரலாற்றைத் தேடும்போது குடும்பப் பெயரைக் கொண்டு தேடுகிறார்கள். தந்தைக்கும் பாட்டனுக்கும் முப்பாட்டனுக்கும் அந்தப் பெயர் ஒன்றாகவே இருப்பதால் அகரவரிசையில் அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்ல அவர்களுக்கு இயலுகிறது. நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்து மகனுக்கு முன்னெழுத்தாகி, அவன் மகனுக்கு அதுவும் மாறி, தலைமுறைதோறும் தொடர்பு அறுந்துபோகிறது. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே ஊரில் ஒரே பெயருடையவர் பலர் தோன்றி, ஆராய்பவரை மயங்கச் செய்வதும் உண்டு. ஆகவே தமிழ்க் குடும்பம் ஒன்றைத் தேடப் புகுவோர், பெயரை விட்டு ஊரையும் நிலத்தையும் பற்றிக்கொள்ள வேண்டும். உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தைத் தம் பிறப்பிலிருந்து தொடங்காமல் உத்தமதானபுரம் என்னும் தம் ஊரிலிருந்து தொடங்கியது நம்மவரின் இயல்பான முறையாகும்.

ஊரைத் தேடிப் போவதற்கு முன் வீட்டில் உள்ளவற்றைப் பார்த்துவிடுதல் நலம். கிழவிகள் சொல்லும் செய்திகளை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது எல்லாரும் அறிந்தது. அதைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. எவரும் அவ்வளவாக மதிக்காத இரண்டு பொருள்களைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன். ஒன்று பழைய கல்யாணப் பத்திரிகை. மற்றொன்று மொய் நோட்டு. கல்யாணத்திலும் காதுகுத்திலும் வந்தவர் பெயரையும் அவர் ஊரையும் அவர் எழுதிய தொகையையும் வரிசையாகக் குறித்துவைத்த இந்த நோட்டு, திருப்பிச் செய்ய வேண்டிய கடமைக்காக ஏற்பட்டது. ஆனால் 60 ஆண்டுகளுக்குப் பின் அதைப் பிரித்துப் படிப்பவருக்கு, தம் குடும்பம் எந்தெந்த ஊர்களில் கொண்டு கொடுத்திருந்தது, தாய்மாமன் முறையில் எவர் எவர் நின்றனர், எந்தக் கிளை எப்போது உறவை முறித்துக்கொண்டது என்பதெல்லாம் புலப்பட்டுவிடும். ஒரு கல்யாணத்து நோட்டில் இருந்த ஊரின் பெயர் அடுத்த கல்யாணத்து நோட்டில் இல்லாமற்போனால், இடையில் ஏதோ ஒரு மனஸ்தாபமோ மரணமோ நேர்ந்திருக்கிறது. எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாத இந்தச் செல்வத்தை வீடு வெள்ளையடிக்கும்போது பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடுகிறோம் என்பது வருத்தத்துக்கு உரியது. குலதெய்வக் கோயிலிலும் ஊர்த் திருவிழாவிலும் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டுகளும் இத்தகையவையே. ஒரு தந்தையின் பெயரில் இருந்த ஒரு தலைக்கட்டு, பிள்ளைகள் பிரிந்ததும் மூன்றாகப் பெருகுவதை அவற்றில் ஆண்டுவாரியாகக் காணலாம்.

வீட்டுக்கு வெளியே முதலில் செல்ல வேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம். அசையாச் சொத்துப் பற்றிய பத்திரங்களைப் பதிந்துவைத்த முதலாம் புத்தகத்தையும் அதற்குரிய அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் தன் 57-ஆம் பிரிவில் சொல்லியிருக்கிறது. உயில்களைப் பதிந்த மூன்றாம் புத்தகமும், எழுதியவர் காலமான பின், நகல் கேட்பவருக்குக் கிடைக்கக்கூடியதே. வில்லங்கச் சான்று என்பது நிலம் வாங்குவோருக்கும் வங்கியில் கடன் பெறுவோருக்கும் உரிய காகிதம் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஒரு சர்வே நம்பருக்குக் கூடியவரை பழைய ஆண்டிலிருந்து வில்லங்கம் போட்டுப் பார்த்தால், அது ஒரு குடும்பத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தேதியோடு சொல்லிவிடும்.

என் தாய்வழிக் குடும்பத்துக் கிரயப் பத்திரம் ஒன்றின் நகலை நான் படித்திருக்கிறேன். எழுதிக்கொடுப்பவர் இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னார் குமாரர் என்றும், விவசாயம் ஜீவனம் என்றும் தொடங்கி, மூத்த மகள் விவாகச் செலவுக்காக ரொக்கம் வாங்கிய வகையிலும், மழையில்லாத வருஷத்தில் தானியம் வாங்கிய புரோநோட்டு வகையிலும் பட்ட கடனைத் தீர்ப்பதற்காக இந்த நிலம் விற்கப்படுகிறது என்று அது விவரித்துச் செல்லுகிறது. அதற்கப்பால் சக்குபந்தி வருகிறது: இன்னார் புஞ்சைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, ஓடைக்குக் கிழக்கு, கிணற்றில் நாலில் ஒரு பங்கும், முறைவைத்து ஏற்றம் இறைக்கும் பாத்தியமும், வரப்பில் நிற்கும் புளியமரமும் சேர்த்து. கடைசியில், எழுத்தறியாத என் கொள்ளுப்பாட்டியார் தம் மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியனாக நின்று கைநாட்டு வைத்ததாக எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் அவருக்குப் புகைப்படம் இல்லை. அவர் எப்படிப் பேசுவார் என்று நினைவில் வைத்திருந்தவர்களும் போய்விட்டார்கள். ஆயினும் அந்தக் கிணற்றில் எத்தனை பங்கு விட்டுக்கொடுத்துத் தம் மகளைக் கட்டிக்கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய பெருவிரல் ரேகை அலுவலகத்துப் பதிவேட்டில் இருக்கிறது.

வருவாய்த் துறையின் கணக்குகள் இன்னும் பின்னே செல்லுபவை. கிராமத்தின் 'அ' பதிவேடு ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் உரிய பட்டாதாரரைக் காட்டும். அதற்கு முந்திய செட்டில்மெண்ட் பதிவேடுகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கு நம்மை இட்டுச் செல்லும். அதற்கும் முற்பட்ட பைமாஷ் என்னும் பழைய நில அளவையின் நம்பரை இன்றைய நம்பரோடு பொருத்தத் தெரிந்தவர் அரிதாகிவிட்டனர். ஜமீன் கிராமங்களில் இந்த வழி அவ்வளவு தூரம் போகாது. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே பெரும்பாலான குடியானவர்களின் பெயர்கள் சர்க்கார் பதிவேட்டில் ஏறின. மானியம் பெற்ற குடும்பத்தாருக்கு இனாம் பதிவேடுகள் பெரும் பொக்கிஷம். 1858-இல் ஏற்பட்ட இனாம் கமிஷன், ஒவ்வொரு மானியத்தையும் யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்று விசாரித்து எழுதிவைத்தது. கோயிலர்ச்சகர் முதல் நாகஸ்வரக்காரர், தச்சர், நாவிதர், தலையாரி வரையில் ஊழிய மானியம் பெற்ற பலருடைய பரம்பரை அந்தப் பதிவேடுகளில் உண்டு. சென்னை எழும்பூரில் 1909 முதல் இயங்கிவரும் ஆவணக் காப்பகத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

இவ்வளவும் நிலமோ மானியமோ இருந்தவர்களுடைய கதை. வரி வாங்க வேண்டியவருடைய பெயரைத்தான் அரசாங்கம் எழுதிக்கொண்டது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாய் ஏரோட்டியும் நாற்று நட்டும் அறுத்தும் உழைத்த பண்ணையாளுக்கு வரி இல்லை, ஆகவே பெயரும் இல்லை. இங்கேதான் குடும்ப வரலாற்று ஆராய்ச்சி ஒரு பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து ஒரு நீதி விசாரணையின் தன்மையை அடைகிறது.

ஆனால் நிலமில்லாதவர்களில் ஒரு பகுதியினருடைய பெயர் மிக விரிவாக எழுதப்பட்டது. அது அவர்கள் கப்பலேறியபோது. தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறையை அடைந்தது. 1911 வரையில் சென்னை, கல்கத்தா ஆகிய இரு துறைமுகங்களிலிருந்தும் அவ்வாறு சென்றவர்கள் 1,52,184 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கருமே. கப்பலுக்குக் கப்பல் எழுதப்பட்ட பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம் என்று கட்டங்கள் உண்டு. இடது கணைக்காலில் தழும்பு, நெற்றியில் வெட்டுக்காயம், மார்பில் மச்சம் என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போது, ஓடிப்போனால் பிடித்துவருவதற்காக எழுதப்பட்ட இந்த வரிகளே இன்று அவர்களுடைய சந்ததியாருக்குத் தம் முன்னோரை மனக்கண்ணால் காண்பதற்கு ஒரே ஆதாரமாக நிற்பதை எண்ணி நெஞ்சம் கனக்கிறது. மோரிஷஸுக்குச் சென்ற பலருக்குப் புகைப்படமே இருக்கிறது. மோகா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் அந்த ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன. பிஜித் தீவுக்குச் சென்றோரின் குடிபெயர்வுச் சீட்டுகளும் அவ்வாறே உள்ளன.

டர்பனிலிருந்து ஒருவர் தம் கொள்ளுப்பாட்டனாரின் நம்பரோடு வேலூருக்கோ செங்கற்பட்டுக்கோ வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஜில்லாப் பெயர் இருக்கிறது, கிராமத்தின் பெயர் இருக்கிறது. தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயராதலால், வாய்விட்டுப் பலமுறை உச்சரித்துப் பார்த்தே அது எந்த ஊர் என்று ஊகிக்க வேண்டும். ஊரையும் கண்டுபிடித்துவிடுகிறார். தம் முன்னோரின் உடன்பிறந்தான் ஒருவன் இங்கேயே தங்கியிருப்பானே, அவன் வழியினர் யார் என்று கேட்கிறார். கடல் கடந்து போன அண்ணனுக்குக் கணைக்காலின் தழும்பு வரையில் பதிவு உண்டு. இங்கேயே இருந்து அதே சேரியில் மடிந்த தம்பிக்கு ஒரு வரிகூட இல்லை. முதலாளிக்கு உடைமையாகக் கணக்கில் ஏறினால் பெயர், இல்லையேல் பெயரின்மை என்ற இந்த நிலையை எந்தச் சமாதானத்தாலும் மூடிவிட முடியாது.

ஆயினும் அந்தத் தம்பியைத் தேடவே முடியாது என்று கைவிடுதல் தகாது. 1843-ஆம் ஆண்டின் சட்டத்துக்கு முற்பட்ட அடிமை ஓலைகளில், நிலத்தோடு விற்கப்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கிறார்கள்; இத்தகைய சான்றுகளைப் பேராசிரியர் ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற ஆராய்ச்சியாளர்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருக்கின்றனர். கிறிஸ்தவ சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் ஏழைகளின் பெயரை எழுதுவதற்குக் கூசவில்லை. 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்த காலந்தொட்டு லுத்தரன் சபையாரும், மதுரை மிஷனைச் சேர்ந்த யேசு சபையாரும் சேர்த்துவைத்த காகிதங்கள் பல இன்றும் ஜெர்மனியின் ஹாலே நகரிலும் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரிலும் இருக்கின்றன. கிராம முன்சீபுகள் எழுதிய பிறப்பு இறப்புப் பதிவேடுகளில், பெயரிடுமுன் பதிந்ததால் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருப்பது வழக்கமாயினும், தந்தை பெயரும் தெருவும் தேதியும் உண்டு. இறப்புக்குக் காரணம் பேதி என்றோ ஜுரம் என்றோ எழுதியிருக்கும். ஒரே மாதத்தில் ஒரே தெருவில் பேதியால் இறந்தோரின் வரிசையைப் படித்தவர், தம் குடும்பத்தில் ஒரு தலைமுறை ஏன் காணாமற்போனது என்பதை அங்கே அறியலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிப்பது பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை. லேபர் ஸ்கூல் என்று ஜனங்கள் அழைத்த, பின்னர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக ஆன அந்தப் பள்ளிகளில், ஒரு வம்சத்திலேயே முதன்முதலாகப் பெயர் எழுதப்பட்டவன் ஆறு வயதுப் பையனாயிருந்தான். பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்கு வாத்தியார் ஜூன் மாதத்துத் தேதி ஒன்றைத் தாமே எழுதிக்கொண்டதை வைத்து அந்தப் பதிவேட்டைக் குறை கூறுதல் சரியன்று. தந்தையின் பெயரும் தொழிலும் இருப்பிடமும் அங்கே பொய்யில்லாமல் நிற்கின்றன.

இந்தத் தேடுதலுக்குக் கையில் தட்டுப்படும் பலனும் உண்டு. செங்கற்பட்டு ஜில்லாவில் சேரி மக்களின் நிலையை நேரிற் கண்டு டிரெமென்ஹீர் என்னும் கலெக்டர் எழுதிய அறிக்கையின் பின், 1892 செப்டம்பர் 30-ஆம் தேதியிட்ட அரசாணையால் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் வழங்கும் ஏற்பாடு உண்டாயிற்று. பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்ற அதைப் பிறருக்கு விற்கலாகாது என்று நிபந்தனை இருந்தும், கைமாறிப்போனது ஏராளம். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் பாட்டனார் பெயர் எந்த நம்பருக்கு எதிரே இருந்தது என்று காட்ட முடிந்த குடும்பத்துக்கு அது வெறும் பூர்விகச் செய்தியன்று. அவர்களுக்கு அது வழக்கு நிற்கும் ஆதாரம்.

பெண்களைத் தேடுவது எல்லா ஜாதியிலும் கடினம். இன்னார் பாரியாள், இன்னார் சம்சாரம், இன்னார் தாயார் என்று ஆடவர் பெயரின் நிழலில் அவர்கள் நிற்கிறார்கள். அவர்களைக் காண வேண்டுமானால், கணவன் இறந்தபின் எழுதப்பட்ட ஜீவனாம்ச உடன்படிக்கைகளிலும், தான செட்டில்மெண்டுகளிலும், மைனர் சொத்துப் பத்திரங்களிலும், பாகவழக்கின் பிராதோடு இணைக்கப்பட்ட வம்சாவளி அட்டவணையிலும் தேட வேண்டும். தாய்வழியையும் தந்தைவழிக்குச் சமமாகத் தொடராத குடும்ப வரலாறு பாதி வரலாறே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களோ ஒப்பந்தக் கப்பலில் போகாமல் கங்காணிகளின் பின்னே நடந்து போனவர்கள். கழுத்தில் கட்டிய தகரத் துண்டில் தோட்டத்து நம்பர் இருந்தது. அவர்களுடைய குடும்ப விவரங்கள் பிற்காலத்துப் பிரஜாவுரிமை மனுக்களிலும், 1964-ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மண்டபம் வழியாகத் திரும்பியவர்களின் அட்டைகளிலும் கிடைக்கும். யாழ்ப்பாணத்தாருக்கு டச்சுக்காரர் காலத்துத் தோம்புகள் என்னும் நிலப் பதிவேடுகள் உள்ளன. அது தனியே எழுதத்தக்க விஷயம்.

ஒன்றை இங்கே எச்சரிக்கையாகச் சொல்லிவிட வேண்டும். குடும்பச் சரித்திரம் என்ற பெயரில் சோழ மன்னரோடும் பாளையக்காரரோடும் தம்மை முடிச்சுப் போட்டுக்கொண்டு, ஜாதிப் பெருமைக்குப் புதிய பட்டயம் தயாரிக்கும் முயற்சிகள் நாட்டில் பெருகிவருகின்றன. கர்னல் மெக்கன்சி திரட்டிய கையெழுத்துப் பிரதிகளிலேயே, கேட்டவருக்கு ஏற்பப் புனையப்பட்ட வம்சாவளிகள் இல்லாமலில்லை. கணக்குப் பதிவேட்டை நம்புவதற்குக் காரணம், அதை எழுதியவர் நம் பெருமையைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பதே. கடன் வாங்கிய பாட்டனாரையும், பண்ணையாளை விற்ற பாட்டனாரையும், விற்கப்பட்ட பாட்டனாரையும் உள்ளபடி ஏற்றுக்கொள்ளும் மனத்திட்பம் இல்லாதவர் இந்த வேலையில் இறங்காமலிருப்பதே நன்று.

அரசாங்கம் செய்ய வேண்டியவை சில உண்டு. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது கர்ணங்களிடமிருந்து ஒப்படைக்கப்பட்ட பழைய கணக்குகள் பல தாலுகா அலுவலகங்களின் பின்னறைகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. ஒப்படைக்கப்படாதவை வீட்டுப் பரண்களில் கரையானுக்கு இரையாகின்றன. ஹரித்வாரத்துப் பண்டாக்களின் வம்சாவளி ஏடுகளை அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தார் வந்து படச்சுருளில் எடுத்துப் பாதுகாக்கும்போது, நம் மாவட்டத்துக் காகிதத்தை நாம் படமெடுத்து வைப்பது இயலாத காரியமன்று. நூறாண்டு கடந்த பிறப்பு இறப்புப் பதிவேடுகளையும், நலப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளையும் மாவட்டந்தோறும் ஓரிடத்தில் திரட்டி, எந்த வழக்குக்காகக் கேட்கிறீர் என்ற கேள்வியின்றி எவருக்கும் காட்ட வேண்டும்.

கடல் கடந்து வருபவருக்கோ இன்னும் எளிய உதவி ஒன்று தேவை. கப்பல் பட்டியலில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு எதிரே இன்றைய வருவாய்க் கிராமத்தின் பெயரையும் வட்டத்தையும் எழுதிய ஓர் அட்டவணையை வேலூர், செங்கற்பட்டு, கடலூர், தஞ்சாவூர், சேலம் முதலிய ஆட்சியர் அலுவலகங்களில் வைக்கலாம். அதைத் தயாரிக்க வேற்றூர் நிபுணர் வேண்டியதில்லை. பைமாஷ் நம்பரும் பழைய பிர்க்காப் பெயரும் வாய்ப்பாடமாகத் தெரிந்த ஓய்வுபெற்ற கிராம அதிகாரிகள் இன்னும் சிலர் ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் இப்போது 70 வயதுக்கு மேலாகிவிட்டது. அழைப்பதானால் இந்த ஆண்டிலேயே அழைக்க வேண்டும்.